திரையில்லாப் பெட்டியும் கலைப்பீடத்து நாங்களும்

எங்கட போடிங் அறையில், மேசைக்கு அடியில், ஒரு சின்னப் பெட்டி இருக்குது. சீஆர் கொப்பியை விடச் சின்னது. அதற்குத் திரை இல்லை. "பிறகு ஒன்று வாங்கி மாட்டலாம்தானே" என்று கேட்டால், அதுவும் ஏலாது. திரையைச் செருகும் துளையே அதில் இல்லை. நெட்வேர்க் கேபிளுக்கு மூன்று துளைகள், யூஎஸ்பிக்கு இரண்டு, மின்சாரத்துக்கு ஒன்று, பிறகு ஒன்பது ஊசிகளோடு பழங்காலத்துத் துளை ஒன்று. அவ்வளவுதான். போன செமஸ்ரர் விடுமுறையில் கலைப்பீடத்து மாணவர்கள் நான்கு பேர், அந்த ஒன்பது ஊசித் துளை வழியாக, இந்தப் பெட்டிக்குள் ஒரு இயங்குதளத்தை நிறுவினோம். வரலாறு, தமிழ், நாடகமும் அரங்கியலும், சமூகவியல். ஏஎல்லில் ஐசிரி படித்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை.

இதைப் பெருமைக்கு எழுதவில்லை. கணினி படிக்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு பின்னேர வேலை. எங்களுக்கு மூன்று இரவுகள் போனது. எழுதுவதற்குக் காரணம் வேறு. இந்த வேலை எங்களுக்கும் உரியது, ஒவ்வொரு பட்ச்சிலும் நான்கு பேராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேணும் என்று இப்போது நாங்கள் நினைக்கிறோம். ஏன் என்று சொல்லப் பார்க்கிறோம்.

முதலில் நாங்கள் இழந்த கதை. எங்களுக்கு முன் படித்தவர்கள் ஊர் ஊராகப் போய் வயதானவர்களின் குரல்களைப் பதிவு செய்தார்கள். கூத்துப் பாட்டு, விதைப்புக் காலத்துக் கதை, இடம்பெயர்ந்த பாதை, முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைத்த விதம். அதோடு துறையின் கையெழுத்துச் சஞ்சிகைகளின் படங்கள், மேடையேறிய நாடகப் பிரதிகள். எல்லாவற்றையும் இலவசமாகக் கிடைத்த ஒரு ஒன்லைன் கணக்கில் ஏற்றி வைத்தார்கள். கணக்கைத் திறந்த அண்ணா படிப்பு முடித்து வெளிநாடு போனார். போனின் நம்பர் மாறியது. இப்போது அந்தக் கணக்குக்குள் போக முயற்சித்தால், இரகசிய எண் ஒன்றைப் பழைய நம்பருக்கு அனுப்பிவிட்டோம் என்கிறது. அந்த நம்பர் இப்ப யாரிடம் இருக்கோ தெரியாது. படிவம் நிரப்பினோம். தானாக வரும் பதில் வந்தது. திரும்ப நிரப்பினோம். அதே பதில்.

பதிவில் பேசியவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களில் ஒருவரின் பேத்தி எங்கட பட்ச். "அம்மம்மாட குரலை ஒருக்காக் கேக்கலாமா?" என்று அவள் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. குரல் அழியவில்லை. எங்கேயோ பத்திரமாக இருக்குது. திறப்பு மட்டும் எங்களிடம் இல்லை.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கென்று ஒரு சேர்வர் வேணும் என்ற கதை வந்தது. சேர்வர் என்றால் பெரிய விசயம் ஒன்றும் இல்லை. இரவு பகலாக விழித்திருந்து, மற்றக் கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கிற ஒரு கணினி. எங்களில் ஒருத்தியின் அண்ணா கொழும்பில் நெட்வேர்க் வேலை செய்கிறார். அவரிடம் ஒதுக்கிப் போட்ட பெட்டி ஒன்று இருந்தது. சுவிற்சர்லாந்தின் பீசீ எஞ்சின்ஸ் நிறுவனம் செய்த ஏபியூ2 என்ற பலகை அதற்குள் இருக்குது. "கொண்டு போங்கோ. ஆனா ஸ்கிரீன் எங்கே எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ" என்று சிரித்துக்கொண்டு தந்தார். 12 வோல்ட்டில் ஓடும், குண்டு பல்ப் ஒன்று குடிக்கிற கரண்ட்கூட அதற்குத் தேவையில்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வைபை ரவுட்டருக்கு எல்லாரும் வாங்கிய குட்டி யூபிஎஸ் இதற்கும் போதும். எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சேர்வர் கிடைக்காது.

திரை இல்லாத கணினியோடு எப்படிக் கதைப்பது? அதற்குத்தான் அந்த ஒன்பது ஊசித் துளை. சீரியல் கொன்சோல் என்று சொல்கிறார்கள். ஒன்பது ஊசி இருந்தாலும் கதைப்பதற்கு மூன்றே போதும். ஒன்று சொல்ல, ஒன்று கேட்க, ஒன்று பொதுவான நிலம். எழுத்துகள் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு எழுத்தும் பிட் பிட்டாக, வரிசையில் போகும். படம் இல்லை, மவுஸ் இல்லை. எழுத்து மட்டும்.

இந்த ஏற்பாட்டின் வயதைத் தேடிப் பார்த்தபோது வரலாறு படிக்கிறவளுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. இந்த ஊசிகளில் எது என்ன செய்ய வேணும் என்று சொல்லும் ஆர்எஸ்-232 நியமம் 1960இல் வந்தது. லினக்ஸில் இந்த வாசல்களின் பெயர்கள் எல்லாம் ரீரீவை என்று தொடங்கும். அது ரெலிரைப் என்பதன் சுருக்கம். தந்தி அனுப்பப் பயன்பட்ட தட்டச்சு இயந்திரம்தான் ரெலிரைப். 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸை உருவாக்கியவர்கள் ரெலிரைப் மொடல் 33 இல் தட்டித்தான் கணினியோடு பேசினார்கள். அது செக்கனுக்குப் பத்து எழுத்துகளைக் கடதாசியில் அடிக்கும். 1978இல் வந்த விரி100 என்ற கண்ணாடித் திரை முனையத்தில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. இன்றைக்கும் எங்கட லப்டொப்பில் திறக்கிற கறுப்பு ஜன்னல் அந்த விரி100 போலத்தான் நடிக்குது. அரங்கியல் படிக்கிறவனுக்கு இது நல்லாப் பிடித்தது.

முதல் இரவு முழுக்கத் தோல்வி. பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தோம், லப்டொப்பில் யூஎஸ்பி மாற்றியைச் செருகிக் கேபிளைப் பூட்டினோம். ஒரு எழுத்தும் வரவில்லை. பிழை கேபிளில். நாங்கள் வாங்கியது நேர்க் கேபிள். எங்கட வாய் அந்தப் பெட்டியின் வாயோடும், காது காதோடும் பூட்டுப்பட்டிருந்தது. இரண்டு பேரும் கதைக்கிறோம், கேட்பதற்கு ஆள் இல்லை. இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும் மாறிப் போகிற குறுக்குக் கேபிள் வேணும். அதை வாங்கப் போன கடையில், "தம்பி, என்ன வேணும்?" என்று எங்களில் இருந்த ஒரே ஆணைப் பார்த்துத்தான் கேட்டார்கள். தம்பி எங்களைப் பார்த்தான். எந்த ஊசி எங்கே போக வேணும் என்று சொன்னது வரலாறு படிக்கிறவள். கடைக்காரர் பதிலையும் தம்பிக்கே சொன்னார்.

இரண்டாம் இரவு எழுத்து வந்தது, ஆனால் குப்பையாக. கேள்விக்குறி, சதுரம், என்னென்னவோ. அதுவும் எங்கட பிழைதான். பெட்டி செக்கனுக்கு 115200 பிட் வேகத்தில் கதைக்குது, நாங்கள் 9600இல் கேட்டுக்கொண்டிருந்தோம். வேகத்தை மாற்றிய உடனே குப்பை வசனமாக மாறியது. பூட் மெனுவுக்கு எஃப்10ஐ அமத்தச் சொன்னது. அமத்தினோம், எங்கட லப்டொப் ஜன்னலின் மெனு திறந்தது. பெட்டிக்குப் போக வேண்டிய விசையை லப்டொப் இடையில் பிடுங்கிக்கொண்டது. போடிங் அன்ரி கதவைத் தட்டி, "என்ன பிள்ளையள், சோதினையும் இல்லை, விடிய விடிய லைற் எரியுது?" என்று கேட்ட நேரம் அதுதான்.

மூன்றாம் இரவு நிறுவினோம். நாங்கள் எடுத்தது டெபியன். 1993இல் தொடங்கி இன்றுவரை உலகம் முழுவதும் உள்ள தன்னார்வலர்கள் நடத்துகிற இலவச லினக்ஸ். யூஎஸ்பியில் இருந்து எழும்பிய உடனே அது படங்களோடு மெனு காட்டப் பார்க்கும். படம் எங்கட கேபிளுக்குள்ளால் வராது, ஆகவே எங்களுக்கு வெறும் இருட்டு. எஸ்கேப் விசையை அமத்தினால் ஒரு வரி காத்திருக்கும். அதில் நிறுவு என்ற கட்டளையையும், கொன்சோல் எந்த வாசலில் என்ன வேகத்தில் இருக்குது என்பதையும் எழுத வேணும். முதல் சீரியல் வாசல், 115200, சமநிலைப் பிட் இல்லை, எட்டுப் பிட். இதை எழுதி என்ரர் அமத்திய பிறகு சில செக்கன் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு மளமளவென்று வரிகள் ஓடி வந்தன. பெட்டிக்குள் என்ன இருக்குது என்று பெட்டியே வாசித்துச் சொல்லுது. எங்களில் ஒருத்தி கை தட்டினாள்.

நிறுவி கேட்ட முதல் கேள்வி மொழி. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேணும்.

டெபியன் நிறுவியில் தமிழ் இருக்குது. யாரோ தன்னார்வலர்கள் உட்கார்ந்து வரி வரியாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தமிழ் கிடைப்பது படத்தோடு வரும் வரைகலை நிறுவியில் மட்டும். எழுத்து மட்டும் வருகிற வழியில் வந்த எங்களுக்குப் பட்டியலில் தமிழைக் காணவில்லை. ஆங்கிலத்தைத் தெரிந்தெடுத்தோம். முதலில் கோபம் வந்தது. எழுத்தாலேயே நடக்கிற வழியில் எங்கட எழுத்துக்கு இடமில்லையா? பிறகு காரணம் விளங்கியது. அந்தத் திரை ஒரு எழுத்துக்கு ஒரு சதுரம் என்று கட்டப்பட்டது. எங்கட "கொ" ஒரு சதுரத்துக்குள் நிற்காது. கொம்பு முன்னுக்கு, அரவு பின்னுக்கு, நடுவில் ககரம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மனதில் நினைத்த எழுத்து எங்களது இல்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. நிறுவி முடிந்த பிறகு, அதே கேபிள் வழியாக, "அம்மம்மா" என்ற பெயரில் ஒரு கோப்புறை செய்து பார்த்தோம். செய்தது. பெயரைத் திரும்பக் கேட்டோம், தமிழிலேயே சொன்னது. எப்படி? யுனிகோட்டின் யூரிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் போகும். "அம்மா" என்ற சொல் 15 பைட். அந்தப் பைட்டுகள் ஒவ்வொன்றிலும் எட்டாவது பிட் வேலை செய்யுது. நாங்கள் எழுதிய அந்த "எட்டுப் பிட்" இல்லாமல் ஏழு பிட் மட்டும் அனுப்புகிற பழைய இணைப்பாக இருந்திருந்தால் தமிழ் முழுக்கச் சிதைந்திருக்கும். எட்டும் போனதால் கம்பி தமிழை அப்படியே கொண்டு போனது. அதை எழுத்தாக வரைந்து காட்டும் வேலையை எங்கட லப்டொப் பார்த்துக்கொண்டது. கொம்புகள் கொஞ்சம் தள்ளி நின்றாலும் வாசிக்கக் கூடியதாக இருந்தது.

எங்களுக்கு இது பெரிய பாடம். "தொழில்நுட்பம் தமிழுக்கு வராது" என்று சிலர் சொல்வார்கள். "தமிழ்தான் உலகத்திலேயே கணினிக்கு உகந்த மொழி" என்று வேறு சிலர் மேடையில் கத்துவார்கள். இரண்டு பேரும் எந்த இடத்தில் தமிழ் நிற்குது, எந்த இடத்தில் போகுது என்று பார்த்ததில்லை. கம்பியில் போகுது. வரைகலையில் போகுது. சதுரத் திரையில் நிற்குது. இப்படி இடம் குறித்துச் சொன்னால்தான் யாராவது அதைத் திருத்தலாம். இடம் குறித்துச் சொல்வதற்கு ஒருக்காவது உள்ளே போய்ப் பார்த்திருக்க வேணும்.

மற்றக் கேள்விகள் எல்லாம் வாசித்துப் பதில் சொல்லக் கூடியவை. பெட்டிக்கு என்ன பெயர், யார் பயனர், வட்டை எப்படிப் பிரிப்பது. வட்டில் உள்ளதை அழித்து எழுதப் போகிறேன், சம்மதமா என்று கேட்கும்போது "இல்லை" என்பதில்தான் குறியை வைத்திருக்கும். அந்தக் கேள்வியை நான்கு பேரும் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் "ஓம்" என்றோம். இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு விசயம் பிடிபட்டது. இந்த வேலையில் முக்கால்வாசி வாசிப்புத்தான். ஒரு வரி வருது, அது என்ன சொல்லுது, எதைச் சொல்லாமல் விடுது, முந்தின வரியோடு என்ன தொடர்பு? கல்வெட்டையும் பழைய உயிலையும் பிரதியின் பாடபேதத்தையும் வைத்துக்கொண்டு எங்கட வகுப்புகளில் செய்வதும் இதைத்தான். படம் பார்த்து அமத்துகிற வேலையில் எங்களுக்கு ஒரு அனுகூலமும் இல்லை. வரி வாசிக்கிற வேலையில் இருக்குது. ஆனாலும் "உது எங்கட வேலை இல்லை, ஐரி பெடியளிட்டக் குடுங்கோ" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் எங்களைக் குறைத்து மதிக்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். அதே மதிப்பை நாங்களும் எங்களுக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

இனி எங்களிடமே நாங்கள் கேட்ட கேள்விகள். போடிங் மேசைக்கு அடியில் உள்ள பெட்டி ஒரு ஆவணக் காப்பகமா? இல்லை. தண்ணீர் வந்தால் போச்சு. கள்ளன் வந்தால் போச்சு. ஆகவே பதிவுகளை மூன்று இடத்தில் வைக்கிறோம். ஒன்று பெட்டியில், ஒன்று வேறு மாவட்டத்தில் ஒரு வீட்டில் உள்ள வட்டில், ஒன்று ஒன்லைனில். ஓம், ஒன்லைன் கணக்கும் வைத்திருக்கிறோம். அதை விட்டுவிடுங்கோ என்று சொல்லவில்லை. அது மட்டும் போதும் என்று நம்பினதுதான் எங்களுக்கு முந்தினவர்கள் செய்த பிழை. பெட்டியை இன்னும் இணையத்துக்குத் திறக்கவில்லை. அதற்கான காவலைப் படித்து முடித்த பிறகுதான் திறப்பதாக முடிவு.

இதைவிடப் பாரமான கேள்வி ஒன்று இருக்குது. பதிவில் உள்ளவர்கள் எங்களை நம்பிப் பேசியவர்கள். பெயர் சொல்லி, இடம் சொல்லி, யார் எப்போது வந்தார்கள் என்று சொல்லிப் பேசியிருக்கிறார்கள். எங்கட நாட்டில் அப்படிப்பட்ட குரல் பிழையான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. சீரியல் கேபிள் கையில் இருப்பவன் கடைசிக் கதவுக்கு வந்துவிடலாம். இந்த வழி எங்களுக்கு உதவுகிற அளவுக்கு மற்றவனுக்கும் உதவும். ஆகவே நிறுவும்போதே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்தோம். பெட்டி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் இரகசியச் சொற்றொடரைக் கேட்கும். சொல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்.

இதற்கு ஒரு விலை இருக்குது. நீண்ட கரண்ட் வெட்டில் குட்டி யூபிஎஸ்ஸும் களைத்து, பெட்டி அணைந்து எழும்பினால், யாராவது ஒருவர் கேபிளோடு வந்து முழங்காலில் இருந்து அந்தச் சொற்றொடரைத் தட்ட வேணும். தானாக நடக்காது. முறை போட்டு வைத்திருக்கிறோம். இந்தக் கிழமை யார், அடுத்த கிழமை யார் என்று கதவில் ஒட்டியிருக்குது, சமையல் முறைக்குப் பக்கத்தில். மழை நாளில் அலுப்பாகத்தான் இருக்குது. ஆனால் ஒருவரின் குரலைக் காப்பது என்றால் யாரோ எழும்பி வர வேணும்தானே.

போன மாதம் நாங்களே எங்களைப் பூட்டிக்கொண்டோம். வைபை வழியாக உள்ளே போய்க் காவல் விதி ஒன்றை மாற்றினபோது, வெளியில் இருந்து வருகிற எல்லாரையும் மறிக்கிற மாதிரி எழுதிவிட்டோம். அடுத்த கணமே தொடர்பு அறுந்தது. ஒன்லைன் கணக்கை இழந்த அன்றைக்கு வந்த அதே வயிற்றுக் கலக்கம் வந்தது. ஆனால் இந்த முறை படிவம் நிரப்பவில்லை. லாச்சியில் இருந்து கேபிளை எடுத்தோம். நாங்கள் சீரியல் வழியாக நிறுவியதைக் கவனித்து, டெபியன் நிறுவி அந்த வாசலை நிரந்தரமாகவே திறந்து வைத்திருந்தது. பெயரைக் கேட்டது, கடவுச்சொல்லைக் கேட்டது, விட்டது. பிழையான வரியை அழித்தோம். பத்து நிமிடம்.

எங்கட நிலைப்பாடு இந்தப் பத்து நிமிடத்தில்தான் நிற்குது. எல்லாரும் சேர்வர் நடத்தத் தேவையில்லை. ஆனால் ஒரு கூட்டம் தன் நினைவுகளை ஒரு இடத்தில் வைத்தால், மற்ற எல்லாக் கதவும் மூடினாலும் கையால் தொடக் கூடிய ஒரு கதவு அதற்கு இருக்க வேணும். அந்தக் கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்க வேணும். தெரிந்த ஒருவர் போனால் இன்னொருவர் இருக்க வேணும்.

அடுத்த வருசம் நாங்கள் வெளிக்கிட்டுவிடுவோம். அதனால் ஒரு கொப்பி எழுதுகிறோம். நேர்க் கேபிள் வாங்காதேங்கோ என்பதில் தொடங்கி, வேகம் 115200 என்பது வரை, நாங்கள் விட்ட பிழைகள் எல்லாம் அதில் இருக்குது. தமிழில்தான் எழுதுகிறோம். சொற்றொடர் அதில் இல்லை. அது ஒட்டிய கடித உறைக்குள், இரண்டு வேறு ஆட்களிடம் இருக்குது. முதலாம் வருசப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருத்தி சமஸ்கிருதம். கேபிளைக் கையில் எடுத்து, ஊசிகளை எண்ணிவிட்டு, "அக்கா, இதில மூண்டுதான் தேவையெண்டா மிச்சம் ஆறும் என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

எங்களுக்கு முழுசாகப் பதில் தெரியவில்லை. கொப்பியையும் கேபிளையும் அவளிடமே கொடுத்துவிட்டோம்.